துருக்கியச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் துருக்கி மொழி படிக்கிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் ஆளுக்கொரு சொல்லோடு வந்தார்கள். குருமா அங்கிருந்து வந்ததா, துப்பாக்கி தமிழ்ச் சொல்லா, 'கரா'வும் கருப்பும் ஒன்றா என்று. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், கொஞ்சம் முட்டுக்கட்டை போடுபவை பின்னால்.

துருக்கி மொழி, துருக்கிய மொழிகள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. துருக்கி என்பது துருக்கி நாட்டில் பேசும் ஒரு மொழி. துருக்கிய மொழிகள் என்பது ஒரு பெரிய குடும்பம். அசர்பைஜானி, துருக்மேன், உஸ்பெக், உய்குர், கசாக், கிர்கிஸ், தாத்தார் எல்லாம் அதில் சேரும். சைபீரியாவில் பேசும் யாகூத்தும், ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பக்கம் பேசும் சுவாஷும் அதே குடும்பம்தான்.

தமிழுக்கும் மற்ற திராவிட மொழிகளுக்கும் உள்ள உறவை நினைத்துக்கொள்ளுங்கள். மலையாளம் நமக்குப் பாதி புரிகிற மாதிரி, துருக்கிக்காரருக்கு அசர்பைஜானி நன்றாகவே புரியும். சுவாஷ் மொழியைக் கேட்டால் சொந்தக்கார மொழி என்றே அவருக்குத் தோன்றாது.

'துர்க்' என்ற பெயருக்கே என்ன பொருள்?

ஒரே முடிவான பதில் கிடையாது. பழைய உய்குர் நூல்களில் 'துர்க்' என்ற சொல் வலிமை, முதிர்ச்சி என்ற பொருளில் வருவதால், இனப்பெயரும் அதுவே என்று பலர் கொள்கிறார்கள். பழைய சீன வரலாற்று நூலொன்று வேறு கதை சொல்கிறது. அவர்கள் வாழ்ந்த அல்தாய் மலை தலைக்கவசம் மாதிரி இருந்ததாம், அவர்கள் மொழியில் தலைக்கவசத்துக்கு அந்தப் பெயராம். இந்த இரண்டாவது விளக்கத்தை நான் நம்புவதில்லை. பெயரைக் கேட்ட பிறகு கட்டிய கதை மாதிரி இருக்கிறது.

தமிழில் இந்தப் பெயர் துருக்கர் என்றாகி, பிறகு துலுக்கர் என்று மாறியது. ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியார் சன்னதி இருக்கிறது, தோட்டத்தில் துலுக்கச் சாமந்தி இருக்கிறது. ஓர் இனத்தின் பெயர் இங்கே முஸ்லிம்கள் எல்லாரையும் குறிக்கும் சொல்லாக விரிந்தது. இன்று அது பலரைப் புண்படுத்தும் சொல்லாகவும் இருப்பதால், மனிதர்களைக் குறிக்க நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஒரு துருக்கியச் சொல் எவ்வளவு பழையது என்று எப்படித் தெரியும்? கல்வெட்டு ஏதாவது உண்டா?

உண்டு, அருமையான கல்வெட்டுகள். மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிற்கின்றன. குல் தெகின் என்ற இளவரசருக்கு 732-இல் கல் நாட்டினார்கள், அவர் அண்ணன் பில்கே ககானுக்கு 735-இல். அந்த எழுத்தை நெடுங்காலம் யாராலும் படிக்க முடியவில்லை. 1893-இல் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்சன் படித்தார். அவர் முதலில் பிடித்த சொற்களில் ஒன்று 'தெங்ரி'. வானம் என்றும் பொருள், கடவுள் என்றும் பொருள். இன்றைய துருக்கியில் அதுவே 'தன்ரி'.

குல் தெகின் கல்வெட்டில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். மேலே நீல வானமும் கீழே பழுப்பு நிலமும் உண்டானபோது, இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் உண்டானார்கள் என்று சொல்லும் இடம். நீல வானத்துக்கு அங்கே 'கோக் தெங்ரி' என்று இருக்கிறது. 'கோக்' என்றால் நீலம். இன்றும் கசாக் மொழியில் அந்தச் சொல் நீலத்தைக் குறிக்கிறது. துருக்கியில் அது 'கியோக்' ஆகி வானத்தையே குறிக்கிறது. நிறத்தின் பெயர் அந்த நிறமுள்ள பொருளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. நிலத்துக்கு அன்று 'யெர்', இன்றும் 'யெர்'. சுமார் 1,300 வருடமாக அசையாத சொல்.

அடுத்த பெரிய சாட்சி மஹ்மூத் அல்-காஷ்கரி. 1070-களில் பாக்தாத்தில் உட்கார்ந்து, துருக்கியச் சொற்களுக்கு அரபியில் பொருள் எழுதி ஓர் அகராதி தொகுத்தார். பழமொழி, பாட்டு, எந்தக் குலத்தார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்பது வரை அதில் உண்டு. 1266-இல் எடுத்த ஒரே ஒரு கைப்பிரதிதான் தப்பிப் பிழைத்து இஸ்தான்புலில் இருக்கிறது. அது தொலைந்திருந்தால் கீழே நான் எழுதப்போவதில் பல வரிகள் இருக்காது.

உருது என்றால் 'படை'யாமே?

ஆமாம். பழைய துருக்கியத்தில் 'ஒர்து' என்றால் அரசன் தங்கும் இடம், பாசறை. இன்றைய துருக்கியில் ராணுவத்துக்கு அதே பெயர். கருங்கடல் ஓரத்தில் ஒர்து என்று ஓர் ஊரே இருக்கிறது. முகலாயர் காலத்து டெல்லியில் அரசரின் கோட்டைப் பகுதியை 'உயர்ந்த பாசறை' என்று பாரசீகப் பாணியில் அழைத்தார்கள். அங்கே பேசிய மொழி பாசறையின் மொழி ஆனது. பிறகு 'மொழி' என்ற சொல் உதிர்ந்து வெறும் உருது என்று நின்றது.

பெயர்தான் துருக்கியம், மொழி அல்ல. உருது இந்திய-ஆரிய மொழி, இந்தியின் உடன்பிறப்பு. இதே 'ஒர்து' மேற்கே போய்ப் போலந்து வழியாக ஒரு ஹகரத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் 'ஹோர்ட்' ஆனது.

குருமா, கைமா இதெல்லாம் துருக்கியிலிருந்து வந்ததா?

துருக்கி நாட்டிலிருந்து நேராக வரவில்லை. மத்திய ஆசியத் துருக்கியச் சொற்கள் பாரசீகத்துக்குள் போய், அங்கிருந்து டெல்லிக்கும் தக்காணத்துக்கும் வந்து, கடைசியில் நம் அடுப்புக்கு வந்தன. 'கவுர்' என்றால் வறு. அதோடு 'மா' சேர்த்தால் 'கவுர்மா', வறுத்தது. அதுவே குருமா. 'கிய்' என்றால் பொடியாக அரி. 'கிய்மா' என்றால் அரிந்தது. அதுவே கீமா, நம் ஊர்க் கைமா. இன்று துருக்கியில் கவுர்மா கேட்டால் கொழுப்பிலேயே வறுத்த இறைச்சி வரும். தேங்காய் அரைத்து ஊற்றிய நம் காய்கறிக் குருமாவை அவர்களுக்கு அடையாளம் தெரியாது.

இந்த 'மா' எப்படி வேலை செய்கிறது என்று பிடித்துக்கொண்டால் அவர்கள் உணவுப் பட்டியலில் பாதி விளங்கிவிடும். 'தோல்மா' என்றால் உள்ளே அடைத்தது, 'சர்மா' என்றால் சுற்றியது, 'தொன்துர்மா' என்றால் உறைய வைத்தது, அதாவது ஐஸ்கிரீம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 'செய்யாதே' என்று தடுக்கவும் இதே 'மா'தான். 'யப்மா' என்பதில் முதல் அசையை அழுத்தினால் செய்யாதே, கடைசி அசையை அழுத்தினால் செய்தல். காதுதான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

தயிருக்கு உலகம் வைத்திருக்கும் பெயரும் இவர்கள் கொடுத்ததுதான். உலகம் முழுக்க யோகர்ட் என்று சொல்வது 'யோவுர்' என்ற வினையிலிருந்து வந்தது. பிசை, கெட்டியாக்கு என்று பொருள். காஷ்கரியின் அகராதியிலேயே இருக்கிறது. ஷிஷ் கபாபில் கம்பியைக் குறிக்கும் 'ஷிஷ்' துருக்கியம், கபாப் அரபி.

துப்பாக்கி தமிழ்ச் சொல்தானே? குண்டைத் 'துப்பு'வதால்தானே துப்பாக்கி?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. காஷ்கரி 'துவெக்' என்று ஒரு சொல்லைப் பதிவு செய்திருக்கிறார். பச்சைக் கிளையின் பட்டையைக் குழலாக உருவி எடுத்து, சின்ன உருண்டைகளை ஊதிக் குருவி அடிக்கும் கருவி. வெடிமருந்து வந்த பிறகு புதிய இரும்புக் குழலுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. துருக்கியில் 'துஃபெக்', பாரசீகத்தில் 'துஃபங்', தெலுங்கில் 'துபாகி', தமிழில் துப்பாக்கி. அண்டை மொழிகளிலும் அதே சொல் இருப்பதையும், அங்கெல்லாம் நம் 'துப்பு' பொருந்தாததையும் பார்த்தாலே வந்த வழி தெரியும்.

வந்த சொல்லுக்கு நம் மொழியிலேயே ஒரு காரணம் கண்டுபிடிப்பது எல்லா ஊரிலும் நடக்கிற வேலை. பீரங்கி வேறு கதை. அது ஐரோப்பியரைக் குறிக்கும் 'ஃபிரங்கி'யிலிருந்து வந்தது, துருக்கியம் அல்ல. பரங்கிக்காயும் அந்தச் சொல்லின் உறவுதான்.

பேகம், பகதூர், கஜாஞ்சி. இவையும் அந்தப் பக்கத்துச் சொற்களா?

பேகம் அப்படித்தான். 'பெக்' என்றால் தலைவன், பிரபு. அதோடு 'என்' என்பதைக் குறிக்கும் 'இம்' சேர்ந்து பேகம் ஆனதாகப் பொதுவாக விளக்குகிறார்கள். பகதூர் கொஞ்சம் இழுபறி. பழைய வடிவம் 'பகதுர்', வீரன். துருக்கியமா மங்கோலியமா என்று அறிஞர்களிடையே இன்னும் பேச்சு இருக்கிறது. ராவ் பகதூரில் இருப்பதும், 'சிவப்பு வீரன்' என்று பொருள்படும் மங்கோலியத் தலைநகர் உலான்பாதரின் பெயரில் இருப்பதும் ஒரே சொல்.

கஜாஞ்சி எனக்குச் செல்லமான சொல். 'கஜானா' அரபியிலிருந்து வந்தது. கடைசியில் இருக்கும் 'சி' துருக்கிய ஒட்டு, ஒரு தொழிலைச் செய்பவரைக் குறிப்பது. துருக்கியில் 'பாலிக்' மீன், 'பாலிக்சி' மீனவர். 'இஷ்' வேலை, 'இஷ்சி' தொழிலாளி. அரபிச் சொல்லில் துருக்கிய வாலை ஒட்டிப் பாரசீக அலுவலகங்கள் பயன்படுத்தின. இன்று நம் ஊர்ச் சங்கத் தேர்தலில் தலைவர், செயலாளருக்கு அப்புறம் வந்து நிற்பவர் கஜாஞ்சி.

பள்ளிக்கூட வரலாற்றில் படித்த சுல்தான் பெயர்களுக்கு அர்த்தம் உண்டா?

நிறைய உண்டு. ஐபக் என்பது 'அய்' (நிலா), 'பெக்' (மேலே சொன்ன தலைவன்) இரண்டும் சேர்ந்தது. இல்துத்மிஷ் ஒரு முழு வாக்கியம். 'இல்' என்றால் நாடு, 'துத்மிஷ்' என்றால் பிடித்துக் காத்தவர். தைமூர் என்றால் இரும்பு, இன்றைய துருக்கியில் 'தெமிர்'. 1323-இல் வாரங்கலைப் பிடித்த இளவரசர் உலூக் கான், பின்னாளில் முகமது பின் துக்ளக் ஆனவர். 'உலூக்' என்றால் பெரிய. எர்துருல் என்ற துருக்கித் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே இடம். 'எர்' என்றால் ஆண், வீரன். 'துருல்' வேட்டைப் பறவை.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்த வயதில் யாராவது இந்தப் பொருளைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. பாபர் தன் நினைவுக் குறிப்புகளையே சகதாய் என்ற துருக்கிய மொழியில்தான் எழுதினார்.

காரகோரம், காரகும், கருங்கடல் என்று எங்கே பார்த்தாலும் 'கரா' வருகிறதே?

'கரா' கருப்பு, 'அக்' வெள்ளை, 'கிசில்' சிவப்பு, 'கும்' மணல், 'சு' நீர், 'குல்' ஏரி, 'தாஷ்' கல். இந்த ஏழு சொல் கையில் இருந்தால் மத்திய ஆசிய வரைபடம் பேசத் தொடங்கும். காரகும் கருமணல் பாலைவனம், கிசில்கும் செம்மணல் பாலைவனம். அக்சு வெள்ளை நீர். இசிக்குல் வெந்நீர் ஏரி, கிர்கிஸ்தானின் கடும் குளிரிலும் உறையாததால் அந்தப் பெயர். காரகோரம் கருங்கல் சரளை.

கடல்களில் நிறம் திசையைக் குறித்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கருப்பு வடக்கு, வெள்ளை மேற்கு. துருக்கியர் கருங்கடலைக் 'கரதெனிஸ்' என்றும் மத்தியதரைக் கடலை 'அக்தெனிஸ்', அதாவது வெண்கடல் என்றும் சொல்வதற்கு அது பொருந்தி வருகிறது.

ஊர்ப் பெயரை முழுதாக நம்பிவிடவும் கூடாது. தாஷ்கண்டில் கல் துருக்கியம், 'கண்ட்' ஈரானிய மொழிச் சொல். 'ஸ்தான்' பாரசீகம். இஸ்தான்புல் 'நகரத்துக்குள்' என்ற கிரேக்கத் தொடரிலிருந்து வந்தது. அங்காரா துருக்கியர் வருவதற்கு முன்பே இருந்த பெயர்.

சரி, 'கரா'வும் நம் 'கரு'வும் ஒன்றுதானே? அப்படியென்றால் தமிழும் துருக்கியமும் உறவா?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான். பதில், இந்த ஒரு சொல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உறவைக் காட்டுவது ஒலிகள் ஒழுங்காக மாறும் முறை. கன்னடத்தைப் பாருங்கள். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. தமிழ்ப் பகரம் அங்கே ஹகரம் ஆவது ஒரு சொல்லில் நடந்த தற்செயல் இல்லை, வரிசையாக நடக்கிறது.

துருக்கியக் குடும்பத்துக்குள்ளும் அப்படியே. பாதைக்குத் துருக்கியில் 'யோல்', கசாக்கில் 'ஜோல்', யாகூத்தில் 'சுவோல்', சுவாஷில் 'சுல்'. நட்சத்திரத்துக்கு 'யில்திஸ்', 'ஜுல்திஸ்', 'சுலுஸ்', 'சல்தர்'. முதல் எழுத்து ஒவ்வொரு மொழியிலும் ஒரே மாதிரி மாறுகிறது. கடைசி எழுத்தையும் கவனியுங்கள். மற்ற மொழிகளில் 'ஸ்' சத்தம் வரும் இடத்தில் சுவாஷில் 'ர்'. துருக்கியில் பெண் 'கிஸ்', சுவாஷில் 'ஹெர்'. ஹங்கேரியர்கள் பழங்காலத்தில் சுவாஷ் வகை மொழியிடமிருந்து கடன் வாங்கியதால்தான் காளைக்குத் துருக்கியில் 'ஒகுஸ்', ஹங்கேரியில் 'ஒகொர்'. வரலாற்று நூலில் எழுதாத ஒரு பழைய தொடர்பை ஓர் எழுத்து காட்டிக்கொடுக்கிறது. இந்தத் துறையில் என்னை இழுத்துப் பிடித்திருப்பது இந்த மாதிரி இடங்கள்தான்.

தமிழோடு வைத்தால் இந்த வரிசை கிடைப்பதில்லை. 'கரா' ஒத்துப்போகும், 'அக்' ஒத்துப்போகாது, 'கிசில்' ஒத்துப்போகாது. துருக்கியில் 'கான்' என்றால் ரத்தம், 'கண்' அல்ல. கண்ணுக்கு 'கியோஸ்'. உஸ்பெக்கில் 'அகா' என்றால் அண்ணன், நமக்கு அக்கா. குழந்தை வாயில் முதலில் வரும் உறவுப் பெயர்கள் உலகெங்கும் ஒரே மாதிரி ஒலிக்கும். அவற்றைச் சாட்சியாக எடுக்கவே கூடாது.

ஆனால் இலக்கணம் அப்படியே தமிழ் மாதிரி இருக்கிறதே?

இருக்கிறது. வினை கடைசியில் வரும், ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். 'எவ்லெரிமிஸ்தெ' என்பது எவ் (வீடு), லெர் (கள்), இமிஸ் (எங்கள்), தெ (இல்). எங்கள் வீடுகளில். 'எங்கள்' மட்டும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் நம் வரிசை. தமிழர்கள் துருக்கி படிக்கும்போது வாக்கியம் அமைக்க அவ்வளவாகத் திணறாததற்கு இதுதான் காரணம். ஜப்பானியமும் கொரியமும் இதே அமைப்புதான். வீட்டின் அமைப்பு ஒன்றாக இருப்பதால் இரண்டு குடும்பமும் பங்காளிகள் ஆகிவிடாது.

துருக்கி மொழியில் அரபியும் பாரசீகமும் எவ்வளவு? தூய சொல் இருக்கிறதா?

கிழமைகளைப் பாருங்கள். ஞாயிறு 'பசார்', பாரசீகச் சந்தை. திங்கள் 'பசார்தெசி', சந்தைக்கு மறுநாள். செவ்வாய் 'சலி', அரபியின் 'மூன்றாவது'. புதனும் வியாழனும் பாரசீக 'நாலாம் நாள்', 'ஐந்தாம் நாள்'. வெள்ளி 'ஜுமா', சனி 'ஜுமார்தெசி'. வாரம் முழுவதிலும் துருக்கியம் என்று சொல்ல அந்த 'மறுநாள்' மட்டும்தான்.

1928-இல் அரபி எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். 1932-இல் துருக்கி மொழிக் கழகம் தொடங்கியது. கிராமத்துப் பேச்சிலும் பழைய நூல்களிலும் தேடிச் சொற்களை எடுத்தார்கள், கிடைக்காததை உருவாக்கினார்கள். விமானத்துக்கு அரபியின் 'தய்யாரெ' போய், 'உச்' (பற) என்பதிலிருந்து 'உசாக்' வந்தது. கணினி 'பில்கிசயர்', அறிவை எண்ணுவது. பள்ளிக்கு 'மெக்தெப்' போய் 'ஒகுல்' வந்தது. 'ஒகு' என்றால் படி. பள்ளியைக் குறிக்கும் 'எகோல்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சாயலும் அதில் இருப்பதை மறைக்க முடியாது.

தமிழர்களுக்கு இது நன்றாகவே புரியும். மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916. இங்கே அது மக்கள் இயக்கமாக மெல்ல நடந்தது, அங்கே அரசு முன்னின்று வேகமாக நடத்தியது. வேகத்துக்கு விலையும் கொடுத்தார்கள். 1927-இல் துருக்கிக் குடியரசை நிறுவிய தலைவர் அதாதுர்க் ஆறு நாள் நிகழ்த்திய நெடிய உரை, சில பத்தாண்டுகளில் இளைஞர்களுக்குப் புரியாமல் போய், இன்றைய துருக்கிக்கு மாற்றிப் பதிப்பிக்க வேண்டியதாயிற்று. புதுச் சொற்களை நான் விரும்புகிறேன். தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாமல் போனதை நினைத்தால் வருத்தமாகவும் இருக்கிறது.

யூர்ட் என்றால் கூடாரம்தானே? துருக்கியில் மாணவர் விடுதிக்கு அப்படிச் சொல்கிறார்களே?

'யுர்த்' என்றால் தங்கும் இடம், தங்கிவிட்டுப் போன இடம். கூடாரம் அல்ல. ரஷ்யர்கள்தான் கூடாரத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அவர்களிடமிருந்து உலகம் எடுத்துக்கொண்டது. கசாக்கியர் தங்கள் கூடாரத்தைச் சொல்வது 'கியிஸ் உய்', கம்பளி வீடு. துருக்கியில் 'யுர்த்' என்றால் தாய்நாடு, மாணவர் விடுதிக்கும் அதே சொல்.

துருக்கியில் ஏதாவது தமிழ்ச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது, சுற்றி வந்தவை. 'கியோரி' நம் கறி, ஆங்கிலம் வழியாகப் போனது. 'மங்கோ' நம் பக்கத்து மாங்காய், போர்ச்சுக்கீசியர் மலையாளக் கரையில் கேட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. 'கதமரான்' நம் கட்டுமரம். இஸ்தான்புலில் கடலைக் கடக்கும் வேகப் படகுகளில் இரட்டை உடல் கொண்டவற்றுக்கு அந்தப் பெயர்தான். குருமா பாரசீகம் வழியாக இங்கே வந்தது, கட்டுமரம் ஐரோப்பா வழியாக அங்கே போனது. இடைத்தரகர் இல்லாமல் நேராக ஒரு மொழியிலிருந்து மற்றதுக்குப் போன சொல் ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை. தேடுவதை நிறுத்தவும் இல்லை.